தோட்டவெளியில் நின்ற பஸ்

மன்னாருக்குப் போகிற பஸ் தோட்டவெளி மாதா கோயிலடியில் சும்மா நிற்கிறது. றைவர் இறங்கிப் போனவர் திரும்பவில்லை. மன்னாரில் என் ஊருக்குப் போகிற அடம்பன் பஸ்ஸைத் தவறவிட்டால் எனக்கு இன்றைக்கு வேறு பஸ் கிடையாது. சண்டை பிடிக்கவே கோயிலுக்குள் போகிறேன்.

மனுசன் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று பாடிக்கொண்டிருக்கிறான்.

"உனக்குச் சம்பளம் பாடுறதுக்கோ?" என்று கத்துகிறேன்.

பாட்டுப் பழக்குகிற ரீச்சர் ஆர்மோனியத்திலிருந்து தலையை நிமிர்த்துகிறார். "பின்னேரம் திருவிழாப் பூசை ஐயா. அடிக்குரலுக்கு இவர் ஒராள்தான். தனிய நிண்டால் பொம்பிளையளின்ரை மெட்டுக்கு இழுபட்டுப் போறார். நீங்கள் பக்கத்திலை நிண்டு ஒரே சுரத்தைப் பிடியுங்கோ. கெதியா விட்டிடுவன்."

"எனக்குப் பாடத் தெரியாது."

"கத்தத் தெரியுதுதானே? பக்கத்து ஆளின்ரை குரல் உங்களுக்குக் கேக்குமட்டும் குறையுங்கோ. அதுதான் பாட்டு."

பெண்கள் சிரிக்கிறார்கள். பஸ்ஸுக்காகப் போய் நிற்கிறேன். முதல் தடவை என் சத்தம் மட்டுமே கேட்கிறது. குறைக்கிறேன். றைவரின் குரல் கேட்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டதும் மேலே பெண்களின் குரல் வந்து அமர்கிறது. நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

"சரி, வந்திட்டுது!" என்கிறார் ரீச்சர். றைவர் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறான்.

"இன்னொருக்காப் பாடுவம் ரீச்சர்," என்கிறேன்.

வெளியே ஹோர்ன் அலறுகிறது. கொண்டக்டர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கத்துகிறான்: "உங்களுக்காக எவ்வளவு நேரம் ஐயா நிக்கிறது? சனத்துக்கு அடம்பன் பஸ் பிடிக்கவேணும்!"