புணைக்கிறவரின் பழைய நம்பர்

எங்கள் அலுவலகம் முன்பு அச்சகமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், துணிக்கடைப் பை என்று அடித்துக்கொண்டிருந்த இடம். நான் அங்கே பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். அச்சு வேலை குறைந்த பிறகு, முதலாளி காஞ்சிபுரத்துக் கடைகள், தொழில் செய்பவர்கள் விவரமெல்லாம் உள்ள ஒரு வெப்சைட் தொடங்கினார். மெஷின்கள் விலைக்குப் போயின. நான் மட்டும் அதே மேஜையில் இருக்கிறேன். முன்பு மாப்பிள்ளையின் தாத்தா பெயரைச் சரிபார்த்தேன், இப்போது பிளம்பரின் போன் நம்பரைச் சரிபார்க்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒரே வலிதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் முதலாளி என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். உட்கார்ந்து பேசினால் எனக்கு வேலை கூடப்போகிறது என்று பொருள்.

“சைட்டுக்குக் கூட்டம் வருது மேடம். ஆனா கோயில் வாசல்ல செருப்பு விட வர்றவன் மாதிரி வர்றான், போயிடறான். உள்ள நிக்க மாட்டேங்கறான்.”

“நம்பர் தப்பா இருந்தா ஏன் நிக்கறாங்க?”

“அதத்தான் சொல்ல வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க.”

மூன்று காரியம் செய்ய வேண்டும் என்றார். ஒவ்வொரு நம்பருக்கும் போன் செய்து, சரியாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட வேண்டும். வேலை நேரம், விடுமுறை நாள் எழுத வேண்டும். ஒரு போட்டோ போட வேண்டும். மூன்றையும் செய்ய இருந்தது ஒரே ஆள்.

தாமலிலிருந்து பஸ்ஸில் வந்து ஒன்பது நாற்பதுக்கு மேஜையில் உட்காருவேன். ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு என்று வைத்துக்கொண்டேன். நோட்டில் நான்கு கட்டம்: எடுத்தார், எடுக்கவில்லை, நம்பர் இல்லை, வேறு ஆள். முதல் வாரத்திலேயே நான்காவது கட்டம் நிரம்ப ஆரம்பித்தது. தறி செய்யும் ஆசாரி ஒருவருக்குப் போட்டால் ஆரணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. “அது எங்கப்பாங்க. நான் கல்யாணம் ஆகி இங்க வந்துட்டேன்” என்றாள். சாயம் போடுகிறவர் நம்பருக்குத் திருவள்ளூரில் ஒரு பெண். ஜரிகை விற்பவர் நம்பருக்குப் பெங்களூரில் ஒரு பெண். அவள் போனை வைப்பதற்கு முன், “எங்கப்பா நல்லாருக்காரா, பாத்தீங்களா?” என்று என்னையே கேட்டாள்.

இந்தத் தப்பு வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது. வெப்சைட் தொடங்கியபோது நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் தெருத் தெருவாகப் போய் விவரம் வாங்கியவள் நான். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எந்த நம்பருக்குப் போட்டால் கட்டாயம் எடுப்பீர்கள்? தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் போனுக்கு எழுந்து வர மாட்டார். சாயத்தில் கை வைத்தவர் போனைத் தொட மாட்டார். அந்த வீடுகளில் கட்டாயம் எடுக்கக்கூடியது, படித்துக்கொண்டிருந்த பெண்ணின் போன். அதைத்தான் சொன்னார்கள். நானும் அழகாக எழுதிக்கொண்டேன். பெண்களுக்குக் கல்யாணம் ஆகும், போனும் கூடவே போகும் என்று சொன்னவர்களும் நினைக்கவில்லை, எழுதியவளும் நினைக்கவில்லை.

அப்படி ஒரு நம்பர் பாவு புணைக்கிறவர் ஒருவருடையது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்துவிட்டால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அதற்கென்றே ஆட்கள் உண்டு. அவர் வரும்வரை தறி நிற்கும். அந்த நம்பருக்கு மூன்று நாள், வெவ்வேறு நேரத்தில் பகலில் போட்டேன். எடுக்கவில்லை. நான்காம் நாள் அதே பதிவின் கீழே ஒருவர் “வேஸ்ட் சைட்” என்று எழுதித் தன் நம்பரையும் கொடுத்திருந்தார். கூப்பிட்டேன். நெசவு செய்பவர்.

“ரிங்கு போய்க்கினே இருக்குது மேடம், எடுக்கவே இல்ல. ரெண்டு நாளு தறி சும்மா நின்னுச்சி. உங்க சைட்ட நம்பினதுக்கு ஜோசியக்காரன்கிட்டப் போயிருக்கலாம்.”

“அப்புறம் ஆள் கெடச்சாரா?”

“அவரேதான் வந்தாரு. டீக்கடையில கேட்டு நம்பர் வாங்கினேன். இப்பல்லாம் அவரே போன் வச்சிக்கினு இருக்காரு. எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டேன். அந்த நம்பருக்குப் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்து, “ஆமா, நான்தான்” என்றார் புணைக்கிறவர். பழைய நம்பரை நீக்கிப் புதியதைப் போட்டுப் பச்சை டிக் வைத்தேன். நெசவாளரின் தறி இனி நிற்காது. அன்றைய நாட்குறிப்பில் “ஒன்று ஒழுங்காயிற்று” என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, மாலை ஐந்து ஐம்பதுக்கு, நான் நோட்டை மூடும் நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். ஓடும் பஸ்ஸின் சத்தம் கேட்டது.

“மேடம், பாவு புணைக்கிற எடத்துல என் நம்பர் இருந்துச்சி. எடுத்துட்டீங்களா?”

“ஆமாம்மா. பகல்ல யாரும் எடுக்கலன்னு புகார் வந்தது. உனக்கும் தொந்தரவு விட்டுச்சேன்னு நெனச்சேன்.”

“தொந்தரவுன்னு நான் சொன்னனா மேடம்?”

அவளே சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. உள்ளே போகும்போது போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வெளியே வந்ததும், வந்திருக்கிற எல்லா நம்பருக்கும் திருப்பிப் போடுவாள். புகார் வந்த அந்த வாரம் மட்டும் இரட்டை ஷிப்ட், ராத்திரி பத்துக்கு மேல்தான் விட்டார்கள், அந்நேரத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை.

“நான் ஓரிக்கையில கட்டிக்கினு வந்தேன். அவங்க வேற ஆளுங்க. சர்ச்சுக்குப் போறவங்க. அப்பாவுக்குப் புடிக்கல. அம்மாவும் இல்ல, நடுவுல பேச. சும்மா போன் பண்ணா, ‘என்னா வேல’ன்னு கேட்டுட்டு வச்சிடுவாரு. ஆனா வேல வந்தா சொல்லித்தான ஆவணும்? ‘அப்பா, இந்தத் தெருவுல பாவு முடிஞ்சிடிச்சாம்’னு சொல்லுவேன். எந்த வீடு, எப்ப வரணும்னு கேப்பாரு. அவ்ளோதான் பேசுவாரு. ஆனா கேப்பாரு மேடம்.”

பஸ் எங்கோ நின்றது. யாரோ இறங்கினார்கள்.

“ரெண்டு வாரமா எனக்கு ஒரு போனும் வரல. அவருக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றாள்.

பிள்ளையார்பாளையத்துக்கும் ஓரிக்கைக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அவருக்கும் தெரியாத தூரமா அது.

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். அந்தப் பதிவில் மட்டும் இரண்டு நம்பர் போடலாமா என்று. காரணத்தையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார், பிறகு சிரித்தார்.

“கல்யாணப் பத்திரிகை அடிச்ச காலத்துலகூட இவ்ளோ குடும்பக் கதை வரல மேடம். ஒருத்தருக்கு ஒரு நம்பர்தான். ரெண்டு போட்டா வர்றவன் எதுக்குப் போடுவான்? எடுக்காததுக்குத்தான் போடுவான். அப்புறம் நம்பளத் திட்டுவான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. தறி இரண்டு நாள் நின்ற வீட்டில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று எனக்கும் தெரியும். பகலில் எடுக்காத நம்பரை, எடுக்காது என்று தெரிந்தே அவர்களுக்குக் கொடுக்க என்னால் முடியாது. இவளுக்குப் பாவம் பார்த்தால் அவர்களுக்குப் பிழை. அன்று நாற்பது அழைப்பு முடியவில்லை. இருபத்தாறுதான்.

போட்டோ வேலைக்காக அந்த வாரம் பிள்ளையார்பாளையம் போனேன். புணைக்கிறவர் ஒரு நெசவாளர் வீட்டில் வேலையில் இருந்தார். தறிக்கு முன்னால் சின்னப் பலகையில் உட்கார்ந்து, விரலில் சாம்பல் தொட்டுத் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். போட்டோ என்றதும் அந்த வீட்டம்மா முந்திக்கொண்டார்.

“இரும்மா, அவரு சட்ட போடட்டும். பனியனோட போட்டீங்கன்னா ஒரு தறிக்காரனும் கூப்புட மாட்டான்.”

“பாவு முடிஞ்சவனுக்கு என் மூஞ்சி எதுக்கு?” என்றார் அவர். “வெரல எடுத்துக்கோம்மா.”

விரலைத்தான் எடுத்தேன். நல்ல போட்டோ. பிறகு நோட்டைத் திறந்தேன்.

“வேல நேரம் போடணுங்க. காலையில எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க?”

அவர் பத்துப் பன்னிரண்டு இழை முறுக்கினார்.

“விடுமுறை எந்த நாளுங்க?”

“அந்த வெவரமெல்லாம் பழைய நம்பர்ல கேளும்மா” என்றார், தலை நிமிராமல்.

“அந்த நம்பரத்தான் எடுத்துட்டோமேங்க.”

“கம்ப்யூட்டர்லேர்ந்துதான எடுத்தீங்க. உன் நோட்டுல இருக்குமில்ல?”

வீட்டம்மா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். இருந்தது. நீக்கிய நம்பரை நான் கிழிப்பதில்லை, மேலே ஒரு கோடு மட்டும் இழுப்பேன். அச்சகத்துப் பழக்கம்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் முதலில் அவள் கேட்டது, “வேல வந்திருக்குதா மேடம்?” என்பதுதான்.

“வேல இல்லம்மா. ஒரு விவரம் வேணும். உங்க அப்பாவோட வேல நேரம் எப்ப இருந்து எப்ப வரைக்கும்?”

“காலைல ஏழரைக்குப் போயிடுவாரு. எனக்கே தெரியுமே.”

“உனக்குத் தெரிஞ்சது எனக்கு வேணாம். அவர்கிட்டக் கேட்டு, அவர் சொன்னதாச் சொல்லணும். சரிபார்ப்புக்கு அதுதான் முறை.”

அப்படி ஒரு முறை எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

“உங்க பேரச் சொல்லிக் கேக்கலாமா?”

“அவர்தாம்மா உன்கிட்டக் கேக்கச் சொன்னாரு.”

மறுநாள் மாலை அவள் கூப்பிட்டு, எழுதிவைத்திருந்ததைப் படிப்பதுபோலச் சொன்னாள்: காலை ஏழரை முதல் மாலை ஆறு, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். எழுதிக்கொண்டேன். அவள் போனை வைக்கவில்லை.

“இன்னிக்கு, ‘சாப்ட்டியா’ன்னு கேட்டாரு மேடம்” என்றாள்.

அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

அடுத்த வாரம், எந்தெந்தத் தெருவுக்குப் போவார் என்று கேட்டேன். அதற்கு அடுத்த வாரம், வெளியூர் வேலைக்குப் போவாரா என்று. ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி, அதற்குமேல் கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும் என்று பயந்தேன். ஏற்கெனவே புரிந்துதான் இருக்கும். எங்கள் ஊர்த் தாமல் ஏரிச் சங்கக்காரர்களிடம் நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் கேட்டு நடந்தபோதும், பிறகு இந்த அலுவலகத்திலும், ஒரே நாளில் முடிகிற காரியத்தை இப்படி இழுத்தவர்களை நான் திட்டியிருக்கிறேன்.

மற்ற பதிவுகளில் பாதிக்குமேல் முடித்துவிட்டேன். ஆரணிப் பெண், திருவள்ளூர்ப் பெண், பெங்களூர்ப் பெண் எல்லோருடைய நம்பரையும் மாற்றியாயிற்று. மாற்றும்போது ஒவ்வொருவரிடமும், “எடுத்துடலாமாம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டேன். இதனால் ஒரு நாளைக்கு முப்பது அழைப்புதான் முடிகிறது. முட்டி வலிக்கிறது, காதும் வலிக்கிறது. வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் இப்போது கொஞ்சம் நின்று பார்க்கிறார்களாம், முதலாளி சொல்கிறார்.

நேற்று அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார்.

“புணைக்கிறவருக்கு எல்லாம் இருக்குதே மேடம். போட்டோகூட இருக்குது. இந்த விடுமுறை நாள் மட்டும் ஏன் காலியா இருக்குது?”

“கேட்டிருக்கேன். வரணும்” என்றேன்.

“சீக்கிரம் வாங்கிடுங்க.”

தலையாட்டினேன். நோட்டை எடுத்து புணைக்கிறவர் பெயருக்கு நேரே, “விடுமுறை: மகளிடம் கேட்க வேண்டும்” என்று எழுதி, அடுத்த வாரத்துப் பக்கத்தில் அடையாளம் வைத்தேன். அமாவாசையன்று தறி ஓடாது, புணைக்கிறவருக்கும் வேலை கிடையாது. காஞ்சிபுரத்தில் அதை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.