யாருக்கு நெஞ்சுவலி?

எண்பதுகளின் கடைசி. எனக்கு நாற்பத்திரண்டு வயது. மல்லாங்கிணறு ஊரில் எங்கள் மளிகைக்கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். தாடையிலிருந்து இடது கைவரை வலி இறங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது. என்னைவிட மிகவும் மூத்தவரான என் கணவர் பதறி, என்னை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு அழைத்துப்போனார்.

ஆஸ்பத்திரிக்குள் ஓடி, “நெஞ்சுவலிங்க!” என்றார். மேலே பேசவிடாமல் மூச்சிரைத்தது. நர்ஸ் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தாள். டாக்டர் அவர் நெஞ்சில் குழல் வைத்தார். கணவரின் துண்டைப் பிடித்தபடி, அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று நானும் நடுங்கினேன்.

“இவுகளுக்கு ஒண்ணுமில்லையே!” என்றார் டாக்டர்.

“எனக்கில்ல சார், அவளுக்கு!”

“பொம்பளைக்கா? இந்த வயசுலயா?”

டாக்டர் என் பக்கம் திரும்புவதற்குள் சுவரோடு சரிந்தேன்.

பிழைத்துவிட்டேன். ஆனால் ‘இவுகளுக்கு ஒண்ணுமில்லை’ என்று கேட்டதும், என் வலியை மறந்து ‘அப்பாடா’ என்று நின்றேனே, அதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.