வயிற்றுக்குத் தெரியாத பிரசாதம்

எழுபத்திரண்டாம் வருஷத்து ஆடி மாதம். ஆறு வயதான என் பெண் வைதேகிக்கு அடிவயிற்றில் எலுமிச்சை அளவு வீக்கம். அழுதால் பெரிதாகும், படுத்தால் மறையும். "குடலிறக்கம். சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்றார் திருவள்ளூர் டாக்டர். குழந்தை தைரியமாக நின்றாள். மயங்கி விழுந்தது நான்தான்.

அடியேன் வீரராகவப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்பவன். கொதிக்கிற அண்டாவைத் தனியாளாக இறக்குவேன். ஊசியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவேன்.

எந்த ஆஸ்பத்திரி? பட்டணத்துக்கு ரயிலேறி அலைந்தேன். தனியார் நர்சிங் ஹோமில் எல்லாம் பளபளப்பு. செலவை மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். வீட்டு நகை முழுவதும் போனாலும் பாதிதான் தேறும். மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் அறுவை டாக்டர் வெளிநாடு போயிருந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் செலவே இல்லை. அதனாலேயே எனக்குப் பயம்.

ரயிலில் எதிரே உட்கார்ந்தவரையெல்லாம் விசாரித்தேன். ஒருவர் சர்க்காரில் பிழைத்த பேரனைச் சொன்னார். அடுத்தவர் சர்க்காரில் போன மருமகனைச் சொன்னார். வேப்பம்பட்டில் முடிவு செய்து, திருநின்றவூரில் மாற்றிக்கொண்டேன்.

என் மனைவி கோமளா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏன்னா, ரயில்ல போறவாளைக் கேட்டு என்ன பிரயோஜனம்? குழந்தேளுக்கு இந்த ஆபரேஷனை யார் அடிக்கடி பண்றா, மயக்க மருந்து யார் குடுக்கறா, அதைப் போய்க் கேட்டுண்டு வாங்கோ."

கேட்டேன். நர்சிங் ஹோமில் எப்போதாவதுதான் என்று நேர்மையாகச் சொன்னார்கள். சர்க்கார் குழந்தைகள் வார்டிலோ இது அன்றாட வேலை. அங்கேயே சேர்த்தோம்.

கோமளாவைத் துணைக்கு விட்டு ஊர் திரும்பி, சந்நிதியில் அழுதேன். "பெருமாளே, டாக்டரின் கையை நீ பிடித்துக்கொள். என் அசட்டுத்தனத்திலிருந்தும் குழந்தையைக் காப்பாற்று."

ஆபரேஷன் நாளன்று விடியற்காலை முதல் ரயிலில் போய் இறங்கினேன். குழந்தைக்கு ஆகாரம் எதுவும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் பிரசாதத்தை ஆகாரக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் எங்கள் வம்சத்திலேயே இல்லை. கோமளா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், இலையில் கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலைப் பக்தியோடு ஊட்டினேன்.

நர்ஸம்மா வந்தார். "சாமி, கொயந்த ஏதாவது துன்னுச்சா?"

"ஒண்ணும் சாப்பிடலை" என்றேன், சுத்தமான மனசோடு.

குழந்தையின் முகத்தைத் துடைக்கக் குனிந்தவர் நின்றார். "இன்னா சாமி, உதடெல்லாம் நெய்யா கீது?"

"அது பெருமாள் பிரசாதம்மா. சாப்பாடு இல்லை."

"கோயில்லேந்து வந்துச்சா, ஓட்டல்லேந்து வந்துச்சான்னு வவுத்துக்குத் தெரியுமா? பெத்த புள்ளைய நீயே சாவடிச்சிருப்பியே!"

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. "மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலில் இறங்கியிருந்தால் பிழைக்க வைப்பதே கஷ்டம்" என்றார் டாக்டர், அமைதியாக. அந்த அமைதிதான் என்னைக் கொன்றது.

கோமளா என்னை வராந்தாவில் உட்கார வைத்தாள். "இங்கேயே இருங்கோ. கையை மடியில வெச்சுண்டு."

மறுநாள் எல்லாம் நல்லபடி முடிந்தது. கண் விழித்த வைதேகி தண்ணீர் கேட்டாள். நர்ஸம்மா தலையசைக்கும்வரை நான் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு, நோய் தீர்ந்தவர்கள் செய்கிற வழக்கப்படி எங்கள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு நெடுநேரம் நின்றேன். இப்போதெல்லாம் ஆபரேஷனுக்குப் பிரசாதம் கேட்டு வருகிறவர்களிடம், "கண்ணில் ஒற்றி வைத்திருங்கள், டாக்டர் சொன்ன பிறகு ஊட்டுங்கள்" என்றே கொடுக்கிறேன்.

அன்பர்களே, கஷ்டம் வந்தால் கூசாமல் பெருமாளைக் கூப்பிடுங்கள், வருவான். எந்த உருவத்தில் வரவேண்டும் என்று மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள். எனக்கு வந்தபோது வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினான்.