கேட்டைத் தாண்டாத மரியாதை

வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். உடனே முகம் சுளிப்பார்கள். எங்கள் சங்ககிரிப் பக்கம் லாரி டிரைவர் வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப இருபது நாளாகும். பெண் தனியாக இருக்கிற வீட்டுக்குள் வீட்டுக்காரன் கால் வைத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. என் கீழ்வீட்டில் குடியிருந்ததும் ஒரு லாரி டிரைவர் குடும்பம்தான். நானும் ஒரு வருடம், மாதாமாதம் வாடகை வாங்கப் போனால் கேட்டிலேயே நின்று பேசிவிட்டு மாடியேறிவிடுவேன். அதைப் பெரிய மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், உள்ளறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று டிரைவரின் மனைவி கூப்பிட்டார். என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். அறைக் கதவைத் திறந்ததும் டீசல் நெடி மூக்கில் ஏறியது. சுவர் உயரத்துக்குக் கேன்கள். ஒவ்வொரு நடையிலும் டிரைவர் வண்டியிலிருந்து திருட்டுத்தனமாக இறக்கிச் சேர்த்தவை. பக்கத்துச் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த அறைக்கு நேர் மேலேதான் என் இரண்டு பிள்ளைகளும் தூங்குகிறார்கள். அடுப்பை என் மனைவிதான் அணைத்தாள்.

"ஏனம்மிணி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

அந்தப் பெண் அழவில்லை. "சொன்னா அவரு அடிப்பாருங்க. நீங்களா வந்து பாப்பீங்கன்னு மாசாமாசம் வாசக்கதவத் தொறந்தே வெச்சிருந்தனுங்க. நீங்க கேட்டத் தாண்டவே இல்லீங்க. அதான் தண்ணி ஒழுகுதுன்னு பொய் சொன்னனுங்க."