கேட்டு வாங்கிய ஒரு கட்டு கீரை

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மழைக்காலம் முடிந்த நேரம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் சுவரை ஒட்டி எங்கள் கீரைத் தோட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய இரும்பை உருக்கும் கம்பெனி. அதன் காவலாளி எங்கள் வரப்பு வழியாகத்தான் டீ குடிக்கப் போவார். சும்மா கொடுத்தாலும் ஒரு கட்டு கீரை வாங்க மாட்டார். “ஊட்ல ஆவாதுண்ணே” என்பார். ஒருநாள் விடாமல் காரணம் கேட்டேன்.

“கோச்சிக்காதண்ணே. புகைக்கூண்டுல இன்னா வெளிய வருதுன்னு தினம் பாக்குறவன் நான். புள்ளைங்க துன்ற பொருளாச்சே.”

அவர் முகத்தில் அடிப்பதற்காகவே கீரையைச் சோதனைக்குக் கொடுத்தேன். முடிவு என் முகத்தில் அடித்தது. ஈயம், இருக்கவேண்டிய அளவுக்கு மேல்.

விற்பனையை அன்றே நிறுத்தினேன். வேளாண்மை அதிகாரி ஒரு வழி சொன்னார். வேர்க்கடலை ஓட்டைக் காற்றுப் படாமல் டிரம்மில் கருக்கி, அந்தக் கரியைச் சாணிக் கரைசலில் ஊறவைத்து மண்ணில் கலக்க வேண்டும். அது ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்குள் ஏறுவது குறையும். அந்தக் கரிக்குப் பெயர் பயோசார் என்றார்.

வெந்துவிட்டதா என்று நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் முதல் டிரம் முழுக்கச் சாம்பல். “சோறு தீஞ்சா என்னை இன்னா பேச்சு பேசுவே. இப்ப ஒழுங்கா தீய்க்கக்கூட உனுக்குத் தெரியலையே” என்றாள் மனைவி. சாம்பல் பாத்திரம் தேய்க்க ஆயிற்று.

இரண்டாவது டிரம்மின்போது காவலாளி ஓடி வந்தார். “அண்ணே, உன் புகை கம்பெனிக்குள்ள வருதாம். மேனேஜர் பேஜார் பண்றாரு.”

“உங்க புகை இத்தினி வருஷமா எங்க ஊட்டுக்கு வருதே, நான் எந்த மேனேஜராண்ட சொல்றது?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கட்டையால் மூடியை அழுத்திப் பிடித்தார். அந்த டிரம்மில்தான் முதன்முதலாகக் கரி, கரியாகவே வந்தது.

கரி கலந்த பாத்தியில் விளைந்ததை மறுபடி சோதித்தோம். ஈயம் அளவுக்குள் இறங்கியிருந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில நாள் கழித்துக் காவலாளி வரப்பில் வந்து நின்றார்.

“ஒரு கட்டு குடுண்ணே.”

“உங்க ஊட்ல ஆவாதே?”

“இப்ப ஆவும்ண்ணே. புள்ளைங்களுக்குத்தான்.”

இரண்டு கட்டாகக் கொடுத்தேன். சந்தையில் எத்தனையோ கட்டு விற்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கேட்டு வாங்கியதுதான் நான் எடுத்ததிலேயே பெரிய மகசூல்.