மாமன் மடிக்கு ஒரு கிட்னி

ஒண்ணுக்குப் போறது எவ்ளோ பெரிய சொகம்னு நீங்க எப்பயாச்சும் யோசிச்சிருக்கீங்களா? சிரிக்காதீங்க லா. நானும் யோசிச்சதில்ல, எங்க அண்ணனுக்கு அது சுத்தமா நின்னுபோற வரைக்கும்.

அவன் கேமரன் மலையில, கோலா தெர்லாவுல கோஸும் தக்காளியும் ஏத்திக்கிட்டு கீழ இறங்குற லோரி டிரைவர். ஆளு நல்லா வாட்டசாட்டமா இருப்பான். திடீர்னு ரெண்டு கிட்னியும் படுத்துடுச்சு. அப்புறம் வாழ்க்கையே டயாலிசிஸ் மெஷின்தான். மெஷின் இல்லாத நாள்ல தண்ணிய அளந்து அளந்து குடிப்பான். கேமரன் குளிருக்கு நாங்க எல்லாரும் சும்மா சும்மா கக்கூஸுக்கு ஓடுவோம். இவன் மட்டும் சோபாவுல கம்பளிய போத்திக்கிட்டு எங்களயே பாப்பான்.

"போங்க, போங்க. குடுத்து வச்சவங்க போறீங்க."

அம்மாவுக்கு சக்கர, அப்பாவுக்கு பிரஷர், ரெண்டு பேரும் குடுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. செத்தவங்க கிட்னிக்கு லிஸ்ட்ல பேர் போட்டோம். ஆனா லிஸ்ட் நகரணும்னா யாராச்சும் குடுக்கணும்ல? எங்க எஸ்டேட் லயன் வீடுங்கள்ல ஒரு சாவு விழுந்தா, "ஒடம்ப கீறாதீங்க, முழுசா அனுப்பணும்"னுதான் பேசுவாங்க. முழுசா எரிச்சிட்டு, வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திட்டு, எங்க அண்ணன பாத்து, "ஐயோ பாவம், இன்னுமா தம்பி கெடைக்கல?"ம்பாங்க. எப்பிடி கெடைக்கும்? இப்பதான எரிச்சிட்டு வந்தீங்க!

மிச்சம் நான்தான். டிகிரி முடிச்சிட்டு எஸ்டேட் டீக்கடையில டூரிஸ்ட்டுக்கு கேக் வெட்டி குடுத்துட்டு இருந்தேன். போய் டெஸ்ட் எடுத்தேன். பொருந்துதுன்னு போன் வந்தப்ப தேயில காட்டு ரோட்டுல நின்னு ஆடுனேன் பாருங்க ஒரு ஆட்டம், ஒரு பஸ் டூரிஸ்ட்டும் எறங்கி வீடியோ எடுத்தான்.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னா, அண்ணன் தொரை ஒரே வார்த்த சொன்னாரு.

"வேணாம்."

"என்னடா வேணாம்? பசாருல கத்திரிக்காயா விக்கிறேன்?"

"தங்கச்சிக்கிட்ட கைநீட்டி வாங்குற ஆளு நான் இல்ல. அண்ணன்தான் குடுக்கணும். ஒனக்கு சீர் செய்ய வேண்டியவன்டி நான்."

அம்மாவுக்கு வேற கவல. "வயித்துல தையலோட இருந்தா நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"தையல பாத்து ஓடுறவன் ஓடட்டும்மா. நல்லதுதான், நேரம் மிச்சம்."

அண்ணன் மூஞ்சிய செவுத்து பக்கம் திருப்பிக்கிட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"சரிடா. நாளைக்கு எனக்கு ஒரு புள்ள பொறக்கும். மொட்ட போடணும், காது குத்தணும். எவன் மடியில ஒக்கார வைக்கிறது? கணக்கெழுதுற ஆபீஸ் கிராணி மடியிலயா?"

எங்க வழக்கத்துல இதெல்லாம் தாய்மாமன் மடியிலதான். வேற மடி செல்லாது. அவன் மெதுவா திரும்புனான்.

"நான் ஒனக்கு ஒண்ணும் கிட்னி குடுக்கல. என் புள்ளைக்கு மாமன் மடி புக் பண்றேன். நீ போயிட்டா மடிக்கு எங்கடா போவேன்?"

"மாப்பிள்ளையே இன்னும் வரல, அதுக்குள்ள புள்ளையாம்"னு அம்மா திட்டுனாங்க. திட்டிக்கிட்டே மூக்க உறிஞ்சுனாங்க.

அண்ணன், "சரி. ஆனா சும்மா வாங்க மாட்டேன். மொத சீர் செஞ்சிட்டுதான்"னான்.

இந்த ஒரு பேச்சுதான் எங்கள கவுத்துச்சு.

அதுக்கப்புறம் டெஸ்ட்டுக்கு மேல டெஸ்ட். ஒரு நாள் முழுக்க போற ஒண்ணுக்கெல்லாம் ஒரு பெரிய பாட்டில்ல புடிச்சு குடுக்கணும். அத தூக்கி பாத்துட்டு அண்ணன், "இவ்ளோவாடி?"ன்னான். மோட்டார் ஷோரூமுல நிக்கிறவன் மாதிரி பாக்குறான்.

கடைசியா ஒரு இண்டர்வியூ. கோலாலம்பூர்ல பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் டாக்டருங்களுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு மலாய்க்கார அம்மா, புவான்னுதான் கூப்புடணும், என்கிட்ட தனியா பேசுவாங்க. குடுக்கிறவங்கள யாரும் மெரட்டுறாங்களா, காசு பொருள் ஏதாச்சும் கைமாறுதான்னு பாக்குறதுதான் அவங்க வேல. கிட்னிய விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பணக்காரன் வாங்கிட்டே இருப்பான், இல்லாதவன் அறுத்துக் குடுத்துட்டே இருப்பான், அதான். நியாயம்தான? நான் காலேஜ்ல இதப் பத்தி பிரசண்டேஷனே பண்ணியிருக்கேன்!

ஆனா அம்மா பஞ்சாங்கம் பாத்து வச்சிருக்காங்க. சீர் குடுக்க நல்ல நேரம் அன்னைக்கு, அந்த நேரத்துலதான்.

நான் அந்த ரூமு கதவுக்கு வெளிய ஒக்காந்திருக்கேன். அம்மா பையில இருந்து தாம்பாளத்த எடுத்தாங்க. வெத்தல, பாக்கு, வாழப்பழம், பட்டுச்சேல. அதுக்கு மேல ஒரு தங்க வளையல். அண்ணன் மூச்சு வாங்க எந்திரிச்சு, தட்ட என் கையில குடுத்து, வளையல மாட்டி விடுறான். அம்மா சும்மா இருந்தாங்களா? ஆஸ்பத்திரி வராந்தாவுல கொலவ போட்டாங்க! நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி பயந்து டிராலிய விட்டுட்டா.

கதவு தொறந்துச்சு. புவான் பாக்குறாங்க. நோயாளி, தங்கம், குடுக்க வந்த பொண்ணு.

"இது என்ன?"

பிரசண்டேஷன் பண்ண மண்டைக்கு அப்பதான் ஒரைக்குது.

அம்மா முன்னாடி பாஞ்சாங்க. எஸ்டேட் மலாய்ல, "புவான், இது பாயார் இல்ல! அடாட்! அடாட்!"ன்னாங்க. காசு குடுக்கல, இது எங்க வழக்கம்னு அர்த்தம்.

புவான் கொஞ்சம் கூட சிரிக்கல. அன்னைக்கு பேச முடியாது, இன்னொரு நாள் வாங்க, நான் விசாரிக்கணும்னு ஃபைல மூடிட்டாங்க. அண்ணனுக்கு இன்னும் எத்தன நாள் மெஷின்? எல்லாம் ஒரு வாழப்பழத் தட்டால. மலையேறி வர்ற வழியிலயே வளையல கழட்டி அம்மா மடியில போட்டேன்.

அடுத்த தடவ வெறுங்கையோட போனோம். புவான் என்ன உள்ள கூப்புட்டு எல்லாத்தையும் கேட்டாங்க. காது குத்து, மாமன் மடி, சீரு, நான் ஒண்ணு விடாம சொன்னேன். வளையல் இல்லாட்டியும் குடுப்பியான்னு கேட்டாங்க. வீட்ல பூட்டி வச்சாச்சு புவான்னேன். அப்புறம் மெதுவா சொன்னாங்க: "ஒனக்கு பயமா இருந்தா இப்ப சொல்லு. ஒடம்பு ஒத்துவரலன்னு மட்டும் நான் வெளிய சொல்லிடுறேன். ஒங்க அம்மாவுக்கு, அண்ணனுக்கு, யாருக்கும் தெரியாது."

ஐயோ, அப்ப நான் அழுதுட்டேன். ஏன்னா பயமாத்தான் இருந்துச்சு. ஒருத்தரும் என்கிட்ட அப்பிடி கேக்கல. லயன்ல எல்லாரும் என்ன சாமி ஆக்கிட்டாங்க, சாமி எப்பிடி முடியாதுன்னு சொல்லும்? இவங்க ஒருத்தங்கதான், நீ போலாம்மான்னு கதவ காட்டுனாங்க. காட்டுனதுக்கு அப்புறம்தான் எனக்கு போக வேணாம்னு நெசமா தெரிஞ்சுது.

"பயம் இருக்கு புவான். குடுக்குறேன்."

அப்பதான் அவங்க மொத தடவயா சிரிச்சாங்க. "காது குத்துக்கு கூப்புடு"ன்னாங்க.

ஓக்கே ஆயிடுச்சுன்னதும் திரும்பி வர்ற காடியில ஒரே கூத்து. அதுவரைக்கும் ஒண்ணுமே பேசாத அப்பா, ஸ்டியரிங்க புடிச்சிக்கிட்டே சொன்னாரு: "நான் போனா என்ன வேணுமோ எடுத்துக்க சொல்லுங்க. முழுசா எல்லாம் அனுப்ப வேணாம். கேக்குறப்ப நீங்க யாரும் மாட்டேன்னு சொல்லிடாதீங்க. பல்லு மட்டும் வேணாம், அது நான் கட்டுன பல்லு."

அம்மா அவர் தோள்லயே அடிச்சாங்க. "வளைவுல வண்டிய பாத்து ஓட்டுங்க, இப்பவே குடுத்துடாதீங்க!"

ஆபரேஷன் முடிஞ்சாச்சு. தையல் இழுக்குது, சிரிச்சா வலிக்குது, இந்த வீட்டுல சிரிக்காம இருக்க முடியல. வளையல் இன்னும் அம்மா அலமாரியிலதான் இருக்கு, என் கல்யாணத்துக்கு அண்ணன் குடுக்குறானாம். நான் கட்டில்ல படுத்து இத தட்டிக்கிட்டு இருக்கேன். அண்ணன் கக்கூஸ்ல இருக்கான், கதவ சாத்தல, சத்தம் ஹால் வரைக்கும் கேக்குது.