பொதுமக்கள் காசிராஜன்

காசிராஜனை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால், சட்டையை நன்றாக அயர்ன் பண்ணிப் போடுவான் என்று சொல்வேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தான். பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். வீட்டில் அவனும் மனைவி ஜெயசித்ராவும்தான். வேலை இல்லாத மனுஷன் கோயிலுக்குப் போவான், டீக்கடையில் பேப்பர் படிப்பான். இவன் பொதுமக்கள் ஆகிவிட்டான்.

அது தற்செயலாக நடந்தது. பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை கட்டுவது பற்றி ஒரு கூட்டம். மைக் செட் என்னுடையது. பாரூக் சவுண்ட் சர்வீஸ் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தெரியும். மேடையில் நின்றவர், பொதுமக்கள் சார்பில் யாராவது வந்து பேச வேண்டும் என்றார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. என் பெட்டி பக்கத்தில் செல்போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு நின்ற காசிராஜனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். "பொதுமக்களாகிய நாங்கள் இதை மனமார வரவேற்கிறோம்" என்றான். கை தட்டினார்கள். ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் தெளியவில்லை.

அதன்பிறகு மார்க்கெட்டை இடிப்பதற்கும் அவன்தான், இடித்த இடத்தில் கட்டுவதற்கும் அவன்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பொதுமக்கள் லேசில் கிடைப்பார்களா? முன்வரிசையில் ஒரு நாற்காலி, கையில் ஒரு மைக், கேட்கும்போது தூக்க ஒரு வலது கை. இவ்வளவுதான் அவன் உத்தியோகம். ஜெயசித்ரா காபி டம்ளரை வைக்கும்போது, "பொதுமக்களுக்குச் சீனி போதுமா?" என்று கேட்பாள். அவன் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவே மாட்டான். "போதும் போதும்" என்பான், பெருந்தன்மையாக.

இந்த லட்சணத்தில்தான் ஆலடிக் கண்மாயின் எதிர்காலம் அவன் கைக்கு வந்தது.

ஆலடிக் கண்மாய் எங்கள் ஊருக்குள்ளேயே கிடக்கிற கண்மாய். வயல்களெல்லாம் பிளாட்டாகிவிட்டதால் பாசனத்துக்கு யாரும் தேடுவதில்லை. மலையில் மழை பெய்தால் நிறையும். நிறைந்தால் தெற்கு மூலையில் தாழ்வாகக் கட்டிவிட்டிருக்கிற மறுகால் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து, ஓடைத்தெருவை ஒட்டின ஓடையில் விழுந்து, அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் மறுகால் பாயும். பாய்கிற அன்றைக்குத் தெருவே போய் வேடிக்கை பார்க்கும். காசிராஜன் பிறந்ததே ஓடைத்தெருவில்தான். மறுகால் தண்ணீரில் வேட்டியை விரித்து அவனும் நானும் குரவை மீன் பிடித்திருக்கிறோம். அவன் தங்கை பாண்டிசெல்வி அதே தெருவில்தான் வாக்கப்பட்டாள். புருஷன் போன பிறகும் இரண்டு பவர்லூம் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி ஓட்டி, மகளைக் கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கவைக்கிறாள்.

பணமும் பொழுதும் மிஞ்சிப்போன சில பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். 'கண்மாய் 2060' என்று திட்டத்துக்குப் பெயர். தலைவர் நவநீதகிருஷ்ணன். கண்மாய்க் கரையில் ஒருநாளும் வெறுங்காலோடு நடக்காதவர். கல்யாண மண்டபத்தில் கூட்டம். திரையில் 2060-ல் கண்மாய் எப்படி இருக்கும் என்று படம் காட்டினார்கள். தண்ணீர் நீலமாக இருந்தது. செம்பட்டை முடியோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கரையில் சைக்கிள் ஓட்டியது. ராஜபாளையத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன ஜோலி என்று ஒருவரும் கேட்கவில்லை.

கரையைச் சுற்றி நடைபாதை. ஒரு முழுச் சுற்றாக வரவேண்டும் என்பது தலைவரின் ஆசை. குறுக்கே இருந்தது மறுகால். அதை உயர்த்திக் கட்டி, அடியில் குழாய் பதித்து, மேலே செயற்கை நீரூற்று வைப்பதாகத் திட்டம். சென்னையிலிருந்து வந்த ஆலோசகருக்குக் கொஞ்சம் பயம் இருந்திருக்க வேண்டும். "இந்த வழியா நிறைய தண்ணி போகுமா?" என்று கேட்டார். எல்லோரும் காசிராஜனைப் பார்த்தார்கள். எனக்கும் பதில் தெரியும். ஆனால் மைக் செட்காரனிடம் யார் கருத்துக் கேட்கிறார்கள்?

காசிராஜன் எழுந்தான். "அதெல்லாம் அந்தக் காலம் சார். பொதுமக்களாகிய எங்களுக்கு நடக்க இடம் இல்லாததுதான் இப்போ குறை" என்று சொல்லிக் கையைத் தூக்கினான். போட்டோ எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, உனக்கு மறுகால் தெரியாதா?"

"தெரியும் பாரூக்கு. அதுக்காக அம்புட்டுப் பெரிய மனுசன் ஆசையா ஒரு படம் காட்டும்போது மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொல்ல முடியுமா?"

மரியாதைக்காரன். அந்த மரியாதையில் பாண்டிசெல்வியின் வீடு முழுகும் என்பது அவன் மண்டைக்குள் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் பொன்னாடைக்கு முன்னால் நின்றிருக்காது.

கட்டி முடித்த மறுவருஷம் கார்த்திகையில் மலையில் விடாமல் பெய்தது. குழாய்களை ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டன. காலையில் ஜனங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் நீரூற்றுக்குப் பக்கத்தில் கரை உடைந்து, தண்ணீர் மொத்தமும் ஓடைத்தெருவுக்குள் புகுந்தது. பாண்டிசெல்வியின் லூம் இரண்டும் மோட்டாரோடு முழுகிப்போயின. டெலிவரிக்கு மடித்து வைத்த துணி பூராவும் சேறு. காசிராஜன் ஓடிவந்தான், அதை மறுக்கக் கூடாது. துடைக்கத் துணி வேண்டும் என்று பீரோவில் இருந்த பொன்னாடைகளை அள்ளிக்கொண்டு வந்தான். பளபளவென்று இருந்ததே தவிர, ஒன்றுகூடத் தண்ணீரை உறிஞ்சவில்லை.

கரையை அவசரமாக மண் போட்டு அடைத்தார்கள். பாண்டிசெல்வி நேரே குழுவின் ஆபீசுக்குப் போனாள். "யாரைக் கேட்டு மறுகாலை அடைச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"பொதுமக்களைக் கேட்டுத்தாம்மா செஞ்சோம்."

"எந்தப் பொதுமக்களை?"

சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார்கள். அவளுடைய அண்ணன் கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து அவன் வீட்டுக்குப் போனாள். ஜெயசித்ரா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். தங்கை அழுதுகொண்டு நிற்கிறாள், இவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னானாம்: "ஏட்டி, அன்னைக்கு நான் உன் அண்ணனாப் போகல. பொதுமக்களாப் போனேன்." ஜெயசித்ரா அதற்குப் பிறகு காபி டம்ளரை வைக்கும்போது எதுவும் கேட்பதில்லை.

சரி, மறுகாலைத் திறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரிய மனிதர்களின் புத்தியை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். மறுபடியும் அதே மண்டபத்தில் செட் போடச் சொன்னார்கள். திருத்திய திட்டமாம். நீரூற்றை எடுத்தால் நடைபாதையின் அழகு கெட்டுவிடும். ஆகையால் ஓடைத்தெரு வீடுகளை எடுத்துவிடலாம். வன்னியம்பட்டிப் பக்கம் ஆளுக்கொரு இடம். 2060-ல் ஓடைத்தெரு ஒரு பூங்காவாக இருக்கும். பொதுமக்கள் ஒப்புக்கொண்டால் அன்றைக்கே முடிவு செய்து மேலே அனுப்பிவிடுவார்கள்.

நான் பாண்டிசெல்வியிடம் போய்ச் சொன்னேன். அவள் துருப்பிடித்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "வன்னியம்பட்டில வெறும் கட்டாந்தரையில நான் எங்கிட்டு லூம் போட, பாரூக் அண்ணே? பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கே" என்றாள்.

கூட்டத்துக்கு அழைப்பு உள்ளவர்கள் மட்டும்தான் வரலாம். ஓடைத்தெரு ஜனங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பாண்டிசெல்வியை மட்டும் விட்டார்கள். பொதுமக்களின் தங்கை அல்லவா. முன்வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியும் கொடுத்தார்கள்.

காசிராஜன் மடியில் மைக் இருந்தது. மண்டபத்துக்குச் சத்தம் போகாதபடி குறைத்துவிட்டு, நான் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நீ ஒண்ணும் பேச வேண்டாம். அவியளை எதுத்துக்கிட வேண்டாம். கையை மட்டும் தூக்காத. அது போதும்."

"சரிட்டி."

"சத்தியமா?"

"சரின்னுட்டேன்லா."

அவள் அவனுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அயோக்கியன் இல்லை, கோழைதானே, கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

திரையில் பூங்கா வந்தது. அதிலும் அந்தச் செம்பட்டை முடிப் பிள்ளை இருந்தது. நவநீதகிருஷ்ணன் மேடையிலிருந்து குனிந்து, "பொதுமக்கள் கருத்து என்ன?" என்று கேட்டார். மண்டபம் முழுக்க முன்வரிசையைப் பார்த்தது. காசிராஜன் வலது கையை லேசாக இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை.

பீச்சாங்கையைத் தூக்கினான்.

கை தட்டினார்கள். பாண்டிசெல்வி அவன் முகத்தைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு பிடித்திருந்த கையை அவன் மடியில் மைக் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

போட்டோக்காரன் கேமராவை இறக்கிவிட்டு முன்னால் வந்தான். "அண்ணாச்சி, பீச்சாங்கை போட்டோவுல நல்லாருக்காது. வலது கையைத் தூக்குங்க" என்றான்.

இப்போது அது சும்மாத்தான் இருந்தது. காசிராஜன் காலரைச் சரிசெய்துகொண்டு வலது கையைத் தூக்கினான்.